சுற்றுச்சூழல், சூழலியல், இயற்கை வள மேலாண்மை: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடப் புத்தகத்தில் வரையறைகளுக்குக் குறைவில்லை. அவற்றை மனப்பாடம் செய்து முடித்த பிறகும் மிஞ்சுகிற சந்தேகங்களுக்கான பக்கம் இது. வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பின்னால் வருகிறவற்றில் பாதி அதன் மேல்தான் நிற்கின்றன.

சுற்றுச்சூழல் அறிவியல், சூழலியல், வள மேலாண்மை: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் எல்லைக் கோடு மெல்லியது. உயிரினங்கள் ஒன்றோடொன்றும், தாங்கள் வாழும் இடத்தோடும் எப்படி உறவாடுகின்றன என்று பார்ப்பது சூழலியல். அது உயிரியலின் ஒரு கிளை. சுற்றுச்சூழல் அறிவியல் இன்னும் அகலமானது. காற்று, நீர், மண், மாசு, காலநிலை என எல்லாம் அதில் வரும். வேதியியலும் புவியியலும் தேவைப்படும். வள மேலாண்மை என்பது முடிவெடுக்கும் துறை. எவ்வளவு எடுக்கலாம், யார் எடுக்கலாம், மீறினால் என்ன செய்வது என்ற கேள்விகள் அதனுடையவை. பெயரில் இயற்கை இருந்தாலும் அங்கே மேலாண்மை செய்யப்படுவது பெரும்பாலும் மனிதர்களைத்தான். மீனுக்கோ காட்டுக்கோ யாரும் உத்தரவு போட முடியாது.

புதுப்பிக்கத்தக்க வளம் என்றால் தீரவே தீராது என்று அர்த்தமா?

தேர்வுத்தாளில் அதிகம் சறுக்கும் இடம் இது. நிலக்கரியும் பெட்ரோலியமும் புதுப்பிக்க இயலாதவை, நீரும் காடும் மீனும் புதுப்பிக்கத்தக்கவை என்று ஒரு அட்டவணையைப் படித்துவிட்டு, இரண்டாவது பட்டியலில் உள்ளதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். உலகில் நிலக்கரி தீர்ந்துபோவதற்கு முன்பே பல மீன்வளங்களும் நிலத்தடி நீர்த்தேக்கங்களும் தீர்ந்துபோயிருக்கின்றன.

எந்த வளத்தைப் பார்த்தாலும் மூன்று எண்களைத் தேடுங்கள். இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது இருப்பு. ஆண்டுக்கு எவ்வளவு புதிதாகச் சேர்கிறது என்பது வரத்து. எவ்வளவு வெளியே போகிறது என்பது எடுப்பு. எடுப்பு வரத்துக்குள் இருக்கும்வரை வளம் நிலைக்கும். தாண்டினால் ஆண்டுதோறும் இருப்பு கரையும். வட்டியில் வாழ்ந்துகொண்டிருந்தவர் முதல்தொகையில் கை வைத்த கதைதான். வளம் உயிருள்ளதாக இருந்தால் அடுத்த ஆண்டு வரத்தும் சேர்ந்து குறையும். முதலுக்கே மோசம் என்பது அப்போதுதான் வருகிறது.

சூரிய ஒளியும் காற்றும் இந்தக் கணக்கில் சேராத விதிவிலக்குகள். இன்று எவ்வளவு பயன்படுத்தினாலும் நாளைய வரத்து குறையாது. மற்றவை அப்படியல்ல. மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். காப்பு இல்லாத சரிவில் அதை அடித்துப்போக ஒரு பெருமழை போதும். பட்டியல்படி மண் புதுப்பிக்கத்தக்கது. ஒரு மனித ஆயுளின் அளவில் அது புதுப்பிக்க இயலாதது.

நிலத்தடி நீரிலும் இதே பிரிவு உண்டு. மழையில் ஆண்டுதோறும் ஊறும் நீர் வேறு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரமான காலநிலையில் சேர்ந்து, இன்று ஊறல் ஏறக்குறைய நின்றுபோன தொல்நீர் வேறு. சவூதி அரேபியா 1980களில் இந்தத் தொல்நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது, ஏற்றுமதிகூடச் செய்தது. நீர் கீழே போய்க்கொண்டே இருக்க, 2008இல் அந்தத் திட்டத்தைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. அது சுரங்கத் தொழில்; விவசாயம் என்ற பெயரில் நடந்தது, அவ்வளவே.

உணவுச் சங்கிலியில் 10 சதவீத விதி எவ்வளவு சரி?

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறைய 10 சதவீத ஆற்றல்தான் கடக்கும் என்பது அந்த விதி. ரேமண்ட் லிண்டமன் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து 1942இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தச் சிந்தனை வளர்ந்தது. கட்டுரை அச்சில் வருவதற்கு முன்பே, 26 வயதில் அவர் இறந்துவிட்டார். 10 என்பதைச் சராசரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பொறுத்து அது 5 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம்.

மீதி எங்கே போகிறது? சுவாசத்தில் வெப்பமாக, சாப்பிடப்படாத பகுதியாக, செரிக்காத கழிவாக. அதனால்தான் சங்கிலிகள் நான்கைந்து படிகளுக்கு மேல் நீள்வதில்லை.

இதையொட்டி இன்னொரு கேள்வி வரும்: ஆற்றல் பிரமிடு ஏன் தலைகீழாவதே இல்லை, உயிர்த்திரள் பிரமிடு மட்டும் கடலில் ஏன் தலைகீழாகிறது? உயிர்த்திரள் (ஒரு நேரத்தில் இருக்கும் உயிரிகளின் மொத்த எடை) என்பது இருப்பு, ஆற்றல் என்பது ஓட்டம். கடலின் மிதவைத் தாவரங்கள் சில நாட்களுக்கு ஒரு முறை பெருகுகின்றன, உடனுக்குடன் தின்னப்படுகின்றன. எந்த நொடியில் எடைபோட்டாலும் அவை குறைவாகவும், அவற்றைத் தின்னும் விலங்குகள் அதிகமாகவும் தெரியலாம். ஓராண்டு உற்பத்தியைக் கூட்டிப் பார்த்தால் தாவரங்களுடையதுதான் அதிகமாக இருக்கும்.

ஒரே ஒரு இனம் அழிந்தால் என்ன ஆகிவிடும்?

சில இனங்கள் போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில போனால் அந்த இடமே வேறாகிவிடும். எது எந்த வகை என்பது முன்கூட்டித் தெரியாது, சிக்கலே அதுதான்.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர் ராபர்ட் பெயின். 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒரு பாறைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த நட்சத்திர மீன்களை மட்டும் பிய்த்துப் பிய்த்துக் கடலில் எறிந்தார். பக்கத்துப் பாறையை அப்படியே விட்டார். நட்சத்திர மீன் அங்கே சிப்பிகளைத் தின்று வாழ்ந்தது. அது போனதும் சிப்பிகள் பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தும் மற்றவற்றைத் தாங்கிப் பிடிக்கும் இப்படிப்பட்ட இனத்துக்கு அவர் 1969இல் 'கீஸ்டோன்' என்று பெயர் வைத்தார். தமிழில் மூலக்கல் இனம் என்கிறோம். வட பசிபிக்கில் கடல் நீர்நாய் அழிந்த இடங்களில் கடல் முள்ளெலி (sea urchin) என்னும் முள்ளுடல் உயிரிகள் பெருகி, கெல்ப் என்னும் கடற்பாசிக் காடுகளை மொட்டையடித்தது இதே வகை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஓநாய்களின் கதையையும் கேட்டிருப்பீர்கள். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, வில்லோ மரங்கள் துளிர்த்தன, ஆறுகளே பாதை மாற்றிக்கொண்டன என்று போகும் அந்தக் கதை. பாதி உண்மை. ஓநாய்கள் வந்ததும் மான்கள் குறைந்ததும் சரி. ஆனால் கரடிகளும் மனித வேட்டையும் வறட்சியும்கூட மான்களைக் குறைத்தன. வில்லோ பல இடங்களில் எதிர்பார்த்த அளவு மீளவில்லை. நீர்நிலைகளை உண்டாக்கும் பீவர்கள் இல்லாமல் போனதால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்திருந்தது ஒரு காரணம். விடைத்தாளில் இந்த உதாரணத்தை எழுதுங்கள், ஆனால் ஆறுகள் பாதை மாறிய வரியை விட்டுவிடுங்கள். ஒரு இனத்தை எடுத்துவிடுவது எளிது. திருப்பிக் கொண்டுவந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாங்குதிறன் என்றால் என்ன? அதைத் தாண்டினால் உடனே அழிவா?

ஒரு இடம் நீண்ட காலத்துக்குத் தாங்கக்கூடிய எண்ணிக்கை அது. 'நீண்ட காலத்துக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டால் வரையறையே தவறாகிவிடும். கொஞ்ச காலத்துக்கு அந்த எல்லையைத் தாண்ட முடியும், இருப்பைத் தின்று தீர்க்கும்வரை.

பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவுக்கு 1944இல் 29 கலைமான்களைக் கொண்டுபோனார்கள். வேட்டை விலங்கு கிடையாது. மெதுவாக வளரும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்த கூட்டுயிரி) தரையெங்கும் தடிமனாகப் படர்ந்து கிடந்தது. 1957இல் மான்கள் 1,350. 1963இல் ஏறக்குறைய 6,000. அடுத்து வந்த கடுங்குளிரில் பட்டினி. 1966இல் எண்ணியபோது மிஞ்சியவை 42. லைக்கன் வளரும் வேகத்தை அந்த மந்தை என்றோ தாண்டியிருந்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. தாண்டியது ஒரு நாள், விளைவு தெரிந்தது வேறொரு நாள். மேலாண்மையில் கஷ்டமான பகுதி இந்த இடைவெளிதான்.

மனிதர்களுக்கு இப்படி ஒரே எண் சொல்ல முடியாது. தொழில்நுட்பம், வணிகம், ஒவ்வொருவரும் நுகரும் அளவு எல்லாம் அதை மாற்றும். 'பூமியின் தாங்குதிறன் இத்தனை கோடி' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த வாழ்க்கைத் தரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தால் வளம் நிலைக்கும்? கணக்குப் போட முடியுமா?

முடியும். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் ஆபத்தும் தெரியும்.

ஒரு ஏரியில் அதிகபட்சம் 1,000 டன் மீன் இருக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி விகிதம் 0.4. எளிய மாதிரியில் ஆண்டு வரத்து = 0.4 × இருப்பு × (1 − இருப்பு/1000). இருப்பு 900 டன் என்றால் வரத்து 36 டன். இடமும் இரையும் நெருக்கடி. இருப்பு 500 என்றால் வரத்து 100 டன், அதுதான் உச்சம். இருப்பு 100 என்றால் மறுபடியும் 36 டன்; பெருக வேண்டிய மீன்களே குறைவு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆண்டுக்கு 36 டன் பிடிபடுகிறது என்று மட்டும் ஒருவர் சொன்னால், ஏரி கொழிக்கிறதா சாகக் கிடக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. பிடிபட்ட அளவு இருப்பைக் காட்டாது.

அப்புறம் அந்த 100. அதிகபட்ச நீடித்த விளைச்சல் என்று பாடத்தில் வருவது இதுதான். காகிதத்தில் அழகாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் சரியாக 100 டன் எடுக்கிறோம். ஒரு மோசமான ஆண்டில் இருப்பு 450க்கு இறங்குகிறது. அப்போது வரத்து 99 டன். பற்றாக்குறை 1 டன்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு 449, அதற்கடுத்த ஆண்டு இன்னும் குறைவு, ஒவ்வொரு முறையும் சறுக்கலின் வேகம் கூடும். உச்சத்துக்குக் கீழேயே எல்லையை வைக்க வேண்டும் என்று மீன்வள அறிஞர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் இதற்கு உலகறிந்த சான்று. ஐந்து நூற்றாண்டுகளாகப் பிடித்த மீன். 1968இல் பிடிபட்டது மட்டும் சுமார் 8 லட்சம் டன். 1980களில் இழுவைப் படகுகளுக்கு இன்னும் நல்ல பிடிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது, அதனால் இருப்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். நடந்தது வேறு. மிஞ்சிய மீன்கள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்தன, கருவிகள் அந்தக் கூட்டங்களைக் கண்டுபிடித்தன. 1992 ஜூலையில் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய தடை முப்பது ஆண்டுகளைத் தாண்டியது. 2024இல்தான் 18,000 டன் என்ற சிறிய வரம்புடன் வணிகப் பிடிப்பை மீண்டும் திறந்தார்கள். அந்த முடிவே இன்றும் விவாதத்துக்குரியது.

பொதுவில் இருக்கும் வளம் எப்படியும் அழிந்துதான் போகுமா?

அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலம். ஒருவர் கூடுதலாக ஒரு மாடு விட்டால் லாபம் முழுக்க அவருக்கு, நஷ்டம் எல்லோருக்கும் பங்கு. ஆகவே எல்லோரும் மாடுகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள், நிலம் அழியும். தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசே எடுத்துக்கொள் என்பதுதான் பலர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

எலினோர் ஆஸ்ட்ரம் வாதத்தோடு நிற்காமல் ஊர் ஊராக நடப்பதைப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமமான டோர்பெலில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று இருந்தது: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு ஒருவரால் தீவனம் போட முடியுமோ, அதற்கு மேல் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. வெளியிலிருந்து மாடு வாங்கி வந்து லாபம் பார்க்கும் வழியை ஒரே வரியில் அடைத்த விதி அது. அந்த நிலம் நூற்றாண்டுகளாகப் பொதுவிலேயே இருந்தது. இதுபோன்ற பாசன அமைப்புகளையும் காடுகளையும் மீன்பிடித் துறைகளையும் ஒப்பிட்டு, நிலைத்தவற்றில் பொதுவாகத் தென்பட்டவற்றை அவர் தொகுத்தார். யார் உறுப்பினர் என்ற தெளிவு இருந்தது. விதிகளைப் பயன்படுத்துவோரே வகுத்தார்கள், கண்காணிப்பவர்களும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தார்கள். முதல் மீறலுக்குச் சிறிய தண்டனை, தொடர்ந்தால் பெரியது. தகராறைத் தீர்க்க அருகிலேயே ஓர் இடம். 2009இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பிரிவில் முதல் பெண் அவர்தான்.

ஹார்டினுடையது பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவர் விவரித்தது விதியே இல்லாத திறந்த நிலத்தை. பிற்காலத்தில் அவரே அப்படித் திருத்திக்கொண்டார். ஆழ்கடல் மீன், வளிமண்டலம் ஆகியவற்றுக்கு அவர் எச்சரிக்கை இன்றும் பொருந்துகிறது. உறுப்பினர்களை எண்ண முடியாத இடத்தில் ஆஸ்ட்ரமின் விதிகளை நேரடியாகப் பொருத்துவது கடினம்.

பூமியின் முக்கால் பாகம் தண்ணீர். பிறகு ஏன் தட்டுப்பாடு?

சுமார் 97.5 சதவீதம் உப்புநீர். மீதி 2.5 சதவீதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டி. மிஞ்சியதில் பெரும்பகுதி நிலத்தடியில். ஆறு, ஏரி எல்லாம் சேர்ந்தாலும் நன்னீரில் ஒரு சதவீதத்தை எட்டாது. மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. பல் தேய்க்கும்போது குழாயை மூடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் கணக்கின் பெரிய வரி அங்கே இல்லை.

மத்திய ஆசியாவின் ஏரல் கடல் 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் தந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். ஆவியாதல் நிற்கவில்லை, வரத்து நின்றது. 2007 வாக்கில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சியது. துறைமுக ஊரான முய்னாக்கில் கப்பல்கள் மணலில் நின்றன. உப்பும் பூச்சிக்கொல்லியும் கலந்த தூசு காற்றில் பறந்தது. 2005இல் கஜகஸ்தான் பக்கம் கட்டிய கோக் ஏரல் அணை வடக்குத் துண்டை மட்டும் மீட்டது. உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. தெற்கைக் காப்பாற்றும் அளவுக்கு நீர் இல்லை. கட்டுமானம் உதவியது என்பதோடு, எதைக் கைவிடுவது என்ற முடிவும் அதற்குள் இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஏரி ஏன் திடீரென்று பச்சையாகிறது?

வயலிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வரும் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகுகிறது. அது செத்து மக்கும்போது பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன, மீன் சாகிறது. மிகை உணவூட்டம் என்பது இதுதான். நச்சுப்பொருள் ஏரியைக் கொன்றது என்று எழுதாதீர்கள், கொன்றது உணவு.

எந்தச் சத்து முதல் குற்றவாளி? 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழு ஒரு ஏரியின் இடுப்பில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கொட்டினார்கள், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்து. பாஸ்பரஸ் பக்கம் பச்சையானது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு வலுச் சேர்த்தது. கடலோரத்தில் நைட்ரஜனின் பங்கு பெரிது என்பதையும் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.

உயிரியத் திரட்சி, உயிரிய உருப்பெருக்கம்: என்ன வேறுபாடு?

ஓர் உயிரியின் உடலில் அதன் வாழ்நாளில் நச்சு சேர்வது முதலாவது. உணவுச் சங்கிலியில் படி ஏற ஏற அதன் செறிவு கூடுவது இரண்டாவது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பற்றிப் பாடநூல்களில் வரும் எண்கள்: நீரில் 0.000003 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), மிதவை விலங்குகளில் 0.04, சிறு மீனில் 0.5, பெரிய மீனில் 2, மீன் தின்னும் பறவையில் 25. கொழுப்பில் கரைவதும் எளிதில் சிதையாததும் காரணம். இரைகொல்லிப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்தது. அமெரிக்கா 1972இல் தடை செய்தது. மலேரியாக் கொசுவுக்கு எதிராகக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இன்னும் இடம் தருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரச நோயும் இதே பாதையில் வந்தது; அங்கே சங்கிலியின் கடைசிப் படியில் மனிதர்கள் இருந்தார்கள்.

ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறதா?

இல்லை. இவை இரண்டு தனிப் பிரச்சினைகள். குளோரோபுளோரோகார்பன்கள் அடுக்கு மண்டல ஓசோனைச் சிதைத்ததால் புற ஊதாக்கதிர் கூடுதலாக வந்தது. தோல் புற்றுநோய், கண்புரை அபாயம் அதன் விளைவு. வெப்பமயமாதல் முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவை வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் வருகிறது. அந்தக் குளோரோபுளோரோகார்பன்களும் பசுமை இல்ல வாயுக்களே என்பதுதான் இரண்டையும் இணைக்கும் முக்கியமான நூல், குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள், 1985இல் அண்டார்டிகா மேல் ஓட்டை அறிவிக்கப்பட்டது, 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. படலம் மெல்ல மீண்டுவருகிறது.

உமிழ்வு குறைந்தது என்று செய்தி வருகிறது. ஆனால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகிறதே?

நல்ல கேள்வி. பெரியவர்களும் தடுமாறும் இடம் இது. உமிழ்வு என்பது வரத்து, காற்றில் உள்ள அளவு என்பது இருப்பு. நிரம்பிவரும் தொட்டியின் குழாயைப் பாதியாகத் திருகினாலும் நீர்மட்டம் ஏறத்தான் செய்யும், வேகம்தான் குறையும். கடலும் தாவரங்களும் நம் உமிழ்வில் ஏறக்குறைய பாதியை உறிஞ்சுகின்றன, மீதி தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280 பிபிஎம். சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 'நிகர பூஜ்யம்' (உமிழ்வதும் அகற்றுவதும் சமமாவது) என்ற இலக்கு ஏன் தேவை, வெறும் குறைப்பு ஏன் போதாது என்பது இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

அமேசான் காடு உலகின் 20 சதவீத ஆக்சிஜனைத் தருகிறது, சரியா?

தவறு. காடு பகலில் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அதே காட்டின் மரங்களும் மக்கவைக்கும் நுண்ணுயிர்களுமே பயன்படுத்திவிடுகின்றன. நிகரப் பங்களிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த மாபெரும் இருப்பு. உலக ஒளிச்சேர்க்கையில் பாதி கடலில் நடக்கிறது. அமேசானைக் காக்க வேறு வலுவான காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன: அது பிடித்துவைத்திருக்கும் கார்பன், உள்நாட்டுக்குத் தள்ளும் மழை, வேறெங்கும் இல்லாத உயிரினங்கள். தவறான காரணம் நல்ல நோக்கத்துக்கும் உதவாது.

மரம் நட்டால் போதுமா?

எங்கே, எந்த மரம், நட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பொறுத்தது. இயற்கையான புல்வெளியில் மரம் நட்டால் அங்கே வாழும் உயிரினங்கள் இடம் இழக்கும், ஓடைகளில் நீரும் குறையலாம். ஈரமான கரிநிலங்கள் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே, ஆனால் உலகக் காடுகளின் மரங்களில் உள்ளதைவிட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது. அவற்றை வடிகால் வெட்டிக் காயவைத்து மரம் நடுவது பெரிய நஷ்டம்.

கோஸ்டா ரிகாவில் காடு 1980களில் நாட்டின் கால் பங்கு அளவுக்குச் சுருங்கியது. இப்போது பாதிக்கு மேல். 1996ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுத்தது. எரிபொருள் வரியிலிருந்து நிலவுரிமையாளர்களுக்குக் காடு காக்கப் பணம் தரும் திட்டம் 1997இல் தொடங்கியது. மாட்டிறைச்சி விலை சரிந்து மேய்ச்சல் லாபமற்றுப் போனதும் உதவியது, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். திரும்பி வந்த காட்டில் பெரும்பகுதி யாரும் நட்டதில்லை. விட்டுவைத்ததால் தானாக வந்தது.

சிக்கனமான கருவிகள் வந்தால் வளம் மிச்சமாகும்தானே?

தானாக மிச்சமாகாது. நீராவி எந்திரங்கள் திறன் கூடியபோது நிலக்கரிச் செலவு கூடியதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இலேயே கவனித்தார். மலிவானது அதிகம் பயன்படும். சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே சிக்கல்: மிச்சமான நீரில் பரப்பைக் கூட்டினால் மொத்த எடுப்பு குறையாது, முன்பு வயலில் கசிந்து நிலத்தடிக்குத் திரும்பிய நீரும் நின்றுவிடும். கருவியோடு ஒரு வரம்பும் வேண்டும்.

எந்த மாநாடு எந்த ஆண்டு?

சுருக்கமாக: ஈரநிலங்களுக்கு ராம்சார் 1971. ஸ்டாக்ஹோம் மாநாடு 1972, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் அதன் நினைவாக. அருகிவரும் உயிரின வணிகத்துக்கு சைட்ஸ் 1973. நீடித்த வளர்ச்சி என்ற கருத்தைப் பரப்பிய புருண்ட்லாண்ட் அறிக்கை 1987. ரியோ 1992, பல்லுயிர் உடன்படிக்கையும் காலநிலை உடன்படிக்கையும் அங்கிருந்து. காலநிலை ஒப்பந்தங்கள்: கியோட்டோ 1997, பாரிஸ் 2015. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்ற குன்மிங்-மாண்ட்ரியல் இலக்கு 2022.

செயல்திட்டத்துக்கு என்ன எடுக்கலாம்?

விழிப்புணர்வுச் சுவரொட்டி வேண்டாம்; ஏதாவது ஒன்றை எண்ணுங்கள். ஒரு சதுர மீட்டர் சட்டத்தைப் பல இடங்களில் வைத்துச் செடி இனங்களை எண்ணலாம். குளத்து நத்தைகளை மதிப்பிட வேண்டுமானால் பிடித்து, குறியிட்டு, விட்டு, மறுபடி பிடிக்கும் முறை இருக்கிறது. முதலில் 50 பிடித்துக் குறியிட்டீர்கள். சில நாள் கழித்து 40 பிடித்தபோது அவற்றில் 10 குறியுள்ளவை. மொத்தம் = 50 × 40 ÷ 10 = 200. இடையில் எதுவும் பிறக்கவில்லை, சாகவில்லை, வெளியேறவில்லை, குறி அழியவில்லை, குறியிட்டவை மற்றவற்றோடு நன்றாகக் கலந்தன என்பவை இதன் அனுமானங்கள். அறிக்கையில் 200 என்ற விடைக்கு ஒரு வரி போதும். அந்த அனுமானங்களில் உங்கள் குளத்தில் எது உடைந்திருக்கும், உடைந்திருந்தால் உண்மையான எண் 200க்கு மேலா கீழா என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, குறி பாதி அழிந்திருந்தால் மறுபடி பிடித்ததில் குறியுள்ளவை குறைவாகத் தெரியும், உங்கள் விடை உண்மையைவிடப் பெரிதாக வரும்.